தாய் தந்த மொழி

திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் முதலில் அதன் ஆழத்தைப் பேசுவர். பின்னர் அதற்காக நிகழ்ந்த போர்களைப் பேசுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐரோப்பியர் பலர் இத்துறையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறித்த வரலாறு பாடப் புத்தகங்களில் இடம்பெற்றுள்ளது. கோட்டைகள், பீரங்கிகள், உடன்படிக்கைகள் ஆகியவற்றின் வரலாறு அது. இதே துறைமுகத்தை அடுத்துப் பிறிதொரு வரலாறும் உண்டு. அது அடுப்பங்கரையிலும் தொட்டிலின் அருகிலும் நடந்தது. அதை நடத்தியவர்கள் தாய்மார். ஆதலால் அதனை எழுதிவைத்தோர் மிகச் சிலரே.

நகரை அடுத்த பாலையூற்றிலே நெடுங்காலமாகப் பறங்கியர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தைத்தல், இயந்திரம் திருத்தல் முதலிய கைத்தொழில்களிலே கிழக்கிலங்கைப் பறங்கியர் பெயர் பெற்றவர்கள். இவர்களுடைய வீடுகளிலே தலைமுறை தலைமுறையாக ஒரு மொழி வழங்கியது. அது தமிழன்று, சிங்களமன்று, ஆங்கிலமுமன்று. இலங்கைப் போர்த்துக்கேயம் என்று அறிஞர் குறிப்பிடும் மொழி அது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. போர்த்துக்கேயர் திருக்கோணமலையை எத்தனை காலம் ஆண்டனர்? கொன்ஸ்தாந்தினு த சா என்னும் தளபதி கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு இங்கே கோட்டை எழுப்பியது 1620களில். 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆகவே போர்த்துக்கேயக் கொடி இங்கே பறந்தது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே. பின்னர் வந்த ஒல்லாந்தர் இடையிட்டு இடையிட்டு நூறாண்டுக்கும் மேலாக இருந்தனர். 1795ஆம் ஆண்டு ஓகஸ்டில் நுழைந்த ஆங்கிலேயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். நூறாண்டு இருந்தவரின் மொழி வீடுகளில் நிலைக்கவில்லை. பதினைந்து ஆண்டே இருந்தவரின் மொழி இருபதாம் நூற்றாண்டு வரை நிலைத்தது. இது எவ்வாறு நேர்ந்தது?

விடையைத் தேடுவோர் கோட்டையை விட்டு வீட்டினுட் புகவேண்டும்.

போர்த்துக்கலிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஆண்களே நிறைந்திருந்தனர். ஐரோப்பியப் பெண்கள் வந்தது மிக அரிது. 1510ஆம் ஆண்டில் கோவாவைப் பிடித்த அல்புகேர்க்கே, தம் வீரர்கள் அந்நாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே குடியமர்வதை ஊக்கினார். அவ்வாறு மணந்து குடியமர்ந்தோர் ‘கசாதோ’ எனப்பட்டனர். இலங்கைக் கரைகளிலும் இம்முறையே பரவியது. தந்தை பறங்கி, தாய் இந்நாட்டவள், அல்லது கோவா, மலாக்கா போன்ற துறைகளிலிருந்து வந்த கலப்புக் குடும்பத்தவள். தந்தை போருக்கும் கடலுக்கும் சென்றுவிடுவான். பலர் திரும்பாமலே போயினர். குழந்தையை வளர்த்தவள் தாய். கணவனிடமிருந்து அவள் கேட்டறிந்த போர்த்துக்கேயத்தைத் தன் நாவுக்கேற்பத் திருத்தி, அதையே குழந்தைக்கு ஊட்டினாள். ஞானஸ்நானம் பெற்ற அவளுக்கு அம்மொழியே செபத்தின் மொழியுமாயிற்று. தன் பிறந்த வீட்டைப் பெரும்பாலும் விட்டுவந்த அவளுக்கும், தந்தையின் நாட்டை ஒருநாளும் காணப்போகாத பிள்ளைக்கும் அம்மொழியே பொதுவான வீடாக அமைந்தது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். போர்த்துக்கேய ஆட்சி முடிந்தது. கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டது. மொழியையும் துடைத்துவிடலாம் என்று ஒல்லாந்தக் கும்பனியார் எண்ணினர். ஆனால் அவர்களுடைய கப்பல்களிலும் பெண்கள் இல்லை. கும்பனியின் வீரர்களும் எழுத்தர்களும் மணந்துகொண்டது போர்த்துக்கேயம் பேசிய கிறித்தவக் குடும்பங்களின் மகளிரை. கும்பனியும் அம்மணங்களை ஒரு காலத்தில் விரும்பி ஆதரித்தது. இந்நாட்டு மனைவியருடன் ஒல்லாந்துக்குத் திரும்புவதற்குத் தடை இருந்தமையால் அவர்கள் இங்கேயே வேரூன்ற வேண்டியவராயினர். வீட்டின் தலைவர் பேசியது ஒல்லாந்த மொழி. தலைவி பேசியது போர்த்துக்கேயம். பிள்ளை எதனைக் கற்றது என்று சொல்லவேண்டியதில்லை.

கும்பனியார் சட்டத்தின் துணையை நாடினர். கொழும்பைப் பிடித்த சில ஆண்டுகளுள், ஒல்லாந்த மொழி அறியாத அடிமைகளின் தலைமயிரை மழித்துவிட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தனர். அடிமைகளின் மொழியைப் பற்றி ஆட்சியாளர் இத்துணைக் கவலை கொண்டது ஏன்? ஒல்லாந்தரின் பெரிய வீடுகளில் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர்கள் அடிமைப் பெண்களே. தென்னிந்தியக் கரைகளிலிருந்தும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அவர்கள் தம்முள்ளும் எசமானரோடும் பேசிக்கொள்ள உதவிய பொதுமொழி போர்த்துக்கேயமாகும். தாய் ஒருபுறம், வளர்ப்புத்தாய் மறுபுறம்; இருவர் நாவிலும் அதே மொழி. ஆணை வந்தது, மயிரும் மழிக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் இரவில் அழும் குழந்தையை எந்த மொழியில் ஆற்றுவது என்று எந்த ஆளுநராலும் காவல் போட இயலவில்லை. ஒல்லாந்தரின் மதகுருமாரே காலப்போக்கிற் போர்த்துக்கேயத்திற் பிரசங்கம் செய்யலாயினர்.

அந்த அடிமைப் பெண்ணின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவளும் ஒரு தாயே. எசமானின் குழந்தைக்கு அவள் பாலூட்டினாள். அவளுடைய சொந்தக் குழந்தையோ எசமானின் உடைமையாயிருந்தது. அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த பிள்ளை அடிமை என்பது அக்காலச் சட்டம். சுதந்திரமுள்ள குடும்பங்களிற் பெயரும் குலமும் உரிமையும் தந்தை வழியே சென்றன. தாய் வழியைச் சட்டம் உறுதியாகப் பற்றிக்கொண்டது விலங்கு பூட்டுவதற்கு மட்டுமே. இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலே. அந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. அவர்கள் எசமானர் பிள்ளைகளின் வாயில் வைத்த சொற்கள் மறையவில்லை.

தாய்மார் காத்த அம்மொழி லிஸ்பனில் வழங்கிய மொழியாக இருக்கவில்லை. தாயின் பழைய மொழி அதன் எலும்பினுட் புகுந்தது. 1970களில் மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சை ஆராய்ந்த இயன் சிமித் என்னும் மொழியியலறிஞர் இதனை நுணுக்கமாக எடுத்துக்காட்டினார். போர்த்துக்கேயத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே வரும். இங்கே அது தமிழிற்போல இறுதிக்குச் சென்றுவிட்டது. ‘மரியாவுக்கு’ என்பதைக் குறிக்கப் போர்த்துக்கேயர் ‘பரா’ என்னும் சொல்லைப் பெயருக்கு முன்னே வைப்பர். இங்கே அச்சொல் ‘ப’ எனத் தேய்ந்து, நமது நான்காம் வேற்றுமை உருபைப் போலப் பெயருக்குப் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. சொற்கள் போர்த்துக்கேயம், அவற்றைக் கோத்த நூல் தமிழ். இம்மொழியிலே தாய்க்கு ‘மாய்’ என்றும் தந்தைக்குப் ‘பாய்’ என்றும் பெயர். மாய் என்று அழைத்த குழந்தை அடுத்த வீட்டு முற்றத்துக்கு ஓடிச்சென்று தமிழிலே விளையாடியது. இரண்டுக்கும் இடையே அது எந்த மதிலையும் காணவில்லை.

கொடுக்கல் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை. அலுமாரி, கதிரை, மேசை, சாவி, சன்னல், கோப்பை, லேஞ்சி, துவாய், சப்பாத்து, பாண் ஆகியவை இன்று எந்தத் தமிழ் வீட்டிலும் வழங்கும் சொற்கள். இவை யாவும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. இவற்றுட் பெரும்பாலானவை வீட்டுக்குள் புழங்கும் பொருள்களின் பெயர்களாக இருத்தல் கருதத்தக்கது. படைக்கலங்களின் பெயர்களோடு இவையும் வந்து, அவற்றினும் நெருக்கமாக நம்மிடையே தங்கின. குழந்தையை வளர்ப்பவளைக் குறிக்கும் ‘ஆயா’ என்னும் சொல்லே போர்த்துக்கேயச் சொல்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே பறங்கியர் சமூகம் இரண்டாகப் பிரியத் தொடங்கியது. கொழும்பு முதலிய நகரங்களில் ஒல்லாந்தப் பரம்பரையினர் பலர் விரைவில் ஆங்கிலத்தைத் தழுவி, எழுத்தராகவும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் உயர்ந்தனர். தம் பாட்டிமார் பேசிய போர்த்துக்கேயத்தை வேலைக்காரர் மொழி என்று ஒதுக்கும் மனப்பான்மையும் வளர்ந்தது. 1830ஆம் ஆண்டையொட்டிய காலத்திற் பிரதம நீதியரசராயிருந்த சேர் றிச்சட் ஒட்லி, பறங்கியர் யாவர் என்பதற்கு விளக்கம் கூறினார். ஆண் வழி முன்னோர் ஐரோப்பியராயிருத்தல் போதும். பெண்கள் எந்த நாட்டில் எக்குலத்திற் பிறந்தவராயினும் அது பொருட்டன்று என்பது அவர் கூற்றின் சாரம். 1908இற் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் தந்தை வழியையே அளவுகோலாகக் கொண்டது. ஏட்டின்படி தாய் இல்லாதவளானாள். ஆனால் கிழக்குக் கரையில், ஒல்லாந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய வீடுகளிலும் போர்த்துக்கேயமே பேசப்பட்டது. பெயர் தந்தையின் மக்கள் யாரென்று கூறியது. பேச்சு தாயின் மக்கள் யாரென்று கூறியது.

கிழக்கு மாகாணத்து மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. மட்டக்களப்புப் பகுதித் தமிழரிடையிலும் முசுலிம்களிடையிலும் குடி தாய் வழியாகவே எண்ணப்படுகின்றது. வீடு மகளுக்குச் சேரும். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஒரு மரபிலே பிள்ளை தந்தையின் பெயரால் அடையாளம் பெற்றது. பக்கத்து மரபிலே தாயின் குடியால் அடையாளம் பெற்றது. இரண்டு மரபிலும் குழந்தையின் நாவை உருவாக்கியவள் தாயே.

ஆங்கிலேயர் காலத்து மிசனரிமாரும் இவ்வுண்மையை உணர்ந்தனர். பறங்கியரின் வீடுகளை அடைய விரும்பிய வெசிலியன் மிசனைச் சேர்ந்த றொபேட் நியூஸ்டெட், ஏட்டுப் போர்த்துக்கேயத்தை விட்டு இலங்கை வீடுகளிற் பேசப்பட்ட போர்த்துக்கேயத்தையே தேர்ந்தெடுத்து, அதிற் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1826இல் வெளிவந்தது. இலங்கைக் குடியியற் சேவையிலிருந்த ஹியூ நெவில் அம்மொழியிலமைந்த பாடல்களைத் தொகுத்தார். அக்கையெழுத்துப்படி இன்று இலண்டனிற் பாதுகாக்கப்படுகின்றது. கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவாகிய டல்காதோ 1900ஆம் ஆண்டிலே இம்மொழியைப் பற்றிப் பெருநூலொன்றை லிஸ்பனில் வெளியிட்டார். அக்காலத்திலே அது உயிர்ப்புள்ள மொழி. திருமண வீடுகளில் வயலின் இசைக்க, கபிரிஞ்ஞா ஆட்டமும் பைலாப் பாட்டும் விடியும் வரை நிகழ்ந்தன. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய காப்பிரியரும் இம்மொழியைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலை குறுக்கிட்டது. 1940களின் நடுப்பகுதியில், ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே அளிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மக்களுக்கு அது கதவைத் திறந்த கொள்கை. பறங்கியர் பிள்ளைகளுக்கோ ஆங்கிலத்திற் படிக்க விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது, அவர்களுடைய தாய்மொழி ஆங்கிலம் என்று கருதப்பட்டது. கொழும்பிலே பலருக்கு அது பொருந்தியது. கிழக்கிலங்கைத் தச்சனின் வீட்டிலே, ‘மாய்’ என்று அழைத்து வளர்ந்த பிள்ளைக்கு அது பொருந்துமா? அப்பிள்ளையின் உண்மையான தாய்மொழிக்கு வகுப்பறை இல்லை, பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை. தாய்மொழி என்னும் சொல் அரசாங்கப் பத்திரங்களிலெல்லாம் ஒலித்த காலத்திலே, தாய் ஒருத்தி உண்மையாகவே கொடுத்த மொழி ஒன்று கணக்கில் வராமற் போயிற்று.

1956இற் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை திருக்கோணமலைத் தளத்தைக் கையளித்தது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த கைத்தொழிலாளர் பலருக்கு அது ஒரு காலத்தின் முடிவாயிருந்தது. ஆங்கிலம் கற்ற பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அந்நாட்டின் அக்காலக் குடிவரவு விதிகள் ஐரோப்பிய வழித்தோன்றலுக்குச் சான்று கேட்டன; தோற்றத்தையும் ஆராய்ந்தன. தந்தையின் குடும்பப் பெயரை ஏட்டிற் காட்டலாம். தாயின் நிறத்தை முகத்திலிருந்து மறைக்க முடியுமா? வசதியும் ஆங்கிலமும் இல்லாத கிழக்குக் கரைக் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேயே தங்கின. அவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சென்றனர்.

அப்போது தாயின் முன்னே ஒரு தெரிவு நின்றது. தன் தாய் தனக்குத் தந்த மொழியிலே பிள்ளையோடு பேசுவதா? அல்லது அது நாளை வகுப்பிலே தடுமாறாதிருக்க, சந்தையிலும் அலுவலகத்திலும் கூச்சமின்றி நிற்க, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுவதா? தெருவிலே அம்மொழியைக் கேட்டு நகைத்தோரும் உண்டு. அது உடைந்த மொழி என்று இகழ்ந்த படித்தோரும் உண்டு. இத்தகைய ஏளனத்தைத் தன் பிள்ளை தாங்கவேண்டும் என்று எந்தத் தாய் விரும்புவாள்? பெற்றோர் தமக்குள் மட்டும் போர்த்துக்கேயம் பேசினர். பிள்ளைகளை நோக்கித் திரும்பும்போது தமிழுக்கு மாறினர். பிள்ளைகள் கேட்டு விளங்கிக்கொண்டனர், பேசக் கற்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கோ அது பாட்டியின் பேச்சு மட்டுமாயிற்று.

இவர்களைக் குற்றம் கூறுதல் எளிது. முன்னூறு ஆண்டு காத்த செல்வத்தை இரண்டு தலைமுறையில் இழந்தனர் என்று சொல்லிவிடலாம். ஆயினும் உற்று நோக்கின், காத்ததும் கைவிட்டதும் ஒரே அன்பின் இரு செயல்களாகவே தோன்றும். ஒல்லாந்தர் காலத்துத் தாய், மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று விரதம் பூணவில்லை. குழந்தை உறங்கவேண்டும் என்றுதான் அவள் பாடினாள். சுதந்திர இலங்கையின் தாய், மொழியை அழிக்க வேண்டும் என்று எண்ணவில்லை. பிள்ளை தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்றுதான் அவள் வாய் மாறினாள். முன்னவளின் காலத்தில் அவ்வன்பு மொழிக்கு அரணாயிற்று. பின்னவளின் காலத்தில் அதே அன்பு மொழிக்கு விடைகொடுத்தது. இடையே மாறியது தாயின் நெஞ்சமன்று. பாடசாலையும் சந்தையும் அரசும் அவள் முன் வைத்த விலை. ஒரு தலைமயிர் மழிக்கும் ஆணையால் முடியாததை, ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் ஓசையின்றி முடித்துவிட்டது.

அதன் பின்னர் துன்பங்களும் தொடர்ந்தன. 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போர் திருக்கோணமலையின் எல்லாச் சமூகங்களையும் அலைக்கழித்தது. 2004 டிசம்பரில் எழுந்த ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பாரிலே வாழ்ந்த பறங்கியரிற் பலரைக் காவுகொண்டது. இம்மொழி பேசிய வீடுகளும் அவ்வாறே அழிந்தன. எஞ்சிய முதியோரின் பேச்சையும் பாட்டையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்து அறிஞர் ஊகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் 2010களின் பிற்பகுதியிற் கிழக்கிலங்கைக்கு வந்து ஒலிப்பதிவு செய்தனர். தாத்தா பாட்டியர் பேசியதைக் கேட்க விரும்பும் இளைஞருக்கு அப்பதிவுகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் ஒலிப்பதிவு குழந்தையைத் தொட்டிலில் இடாது. ஒரு மொழி வாழ்வதற்கு அதைப் பேசும் தாயும், அதைக் கேட்கும் குழந்தையும் வேண்டும். அப்படிப் பேசியதற்காகப் பின்னர் வருந்த நேராது என்னும் நம்பிக்கையும் அத்தாய்க்கு வேண்டும். முதலிரண்டை இயற்கை தரும். மூன்றாவதைச் சமூகம்தான் தரவேண்டும்.

பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் இன்னும் சில முதியவர்கள் அம்மொழியிற் செபிக்கின்றனர், சினக்கின்றனர், நகைக்கின்றனர். திருக்கோணமலையிலே ஆங்கிலேயர் பிரெட்றிக் கோட்டை என்று பெயரிட்ட அரண் இன்றும் நிற்கின்றது. அதைக் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். அதனினும் உறுதியாக முந்நூறு ஆண்டு நின்ற இன்னொரு கட்டடம், கல்லும் சுண்ணாம்பும் இன்றித் தாய்மாரின் மூச்சினாற் கட்டப்பட்டது. கோட்டையைக் காண வருவோர் அதனைக் காண்பதில்லை. ஆயினும் மாலையில் வீடு திரும்பி, சாவியைக் கொண்டு கதவைத் திறந்து, கதிரையில் அமர்ந்து, கோப்பையைக் கையில் எடுக்கும்போது அவர்களும் அதன் கல் ஒவ்வொன்றைத் தம் வாயினாலேயே தொட்டுவிடுகின்றனர்.